அய்யா டப்பா

சீனுவாசன் வாயை அகலமாகத் திறந்து, நாக்கை நீட்டி, மஞ்சள் நிற கேப்சூலை அதன் நடுவில் வைத்தார். மைக்கை இடது கைக்கு மாற்றிக்கொண்டு ஒரு மடக்குத் தண்ணீர் குடித்தார். பிறகு மறுபடியும் வாயைத் திறந்து இடது பக்கம், வலது பக்கம், நடு என்று கூட்டத்துக்குக் காட்டினார்.

“போச்சா? உள்ள போச்சா? நல்லா பாத்துக்கங்க தாய்மாருங்களே! விக்கிறவன் துன்றானான்னு பாத்துட்டு அப்பறம் வாங்குங்க. நான் துன்றேன்!”

திண்டிவனத்தில் அவருடைய வேனைச் சுற்றி நின்ற கூட்டம் கைதட்டியது. வேனின் பின்கதவருகே நின்று டப்பாக்களை எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்த ஜெசிந்தா கைதட்டவில்லை. மனதுக்குள் எண்ணிக்கொண்டாள். ஏழு.

ஏழு நாட்களாக அவர் விழுங்கிய கேப்சூல்களை நிரப்பியது அவள்தான். நிரப்பிய பொடி, அவர் நினைத்துக்கொண்டிருந்த பொடி அல்ல.

‘கந்தகத் தோழன்’ என்று டப்பாவில் அச்சடித்திருக்கும். மூட்டு வலி, வீக்கம், இடுப்புப் பிடிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து, சுத்தமான கந்தகச் சத்து. திங்கட்கிழமை திண்டிவனம், புதன்கிழமை வானூர், அமாவாசை வந்தால் மேல்மலையனூர். வேன் போகாத ஊர் இல்லை.

ஜெசிந்தாவின் அம்மா பூமாலை அதை வாங்கியது ஓர் அமாவாசை அன்று. கோயிலுக்குப் போகவில்லை. மேல்மலையனூர்ப் பக்கம் மல்லாட்டைச் செடி பிடுங்கும் வேலைக்குப் போனவள், வேனைப் பார்த்து நின்றுவிட்டாள். முப்பது வருடம் சேற்றில் குனிந்து நட்ட முழங்கால்கள் அவளுடையவை. உட்கார்ந்தால் எழுந்திருக்க ஆள் வேண்டும்.

மூன்றாம் நாள் ஆள் வேண்டியிருக்கவில்லை.

“யம்மாடி, கால்ல எண்ண உட்ட மாதிரி இருக்குதுடி” என்று வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்து காட்டினாள். எட்டு மாதம் விடாமல் சாப்பிட்டாள். முகம் உப்பி உருண்டையானது. “சம்பந்தம் பேசப் போறவ மாதிரி மினுக்கிக்கினு கீற” என்று அக்கம்பக்கத்தில் கிண்டல் செய்தார்கள். பூமாலைக்கு அதில் ஏகப்பட்ட பெருமை.

ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தது. தெருவில் ஒருவர் கறியை விட்டார், ஒருவர் பீடியை விட்டார். பூமாலை வீட்டில் கறி என்பதே மாதத்தில் ஒருநாள்தான். விடுவதற்கு வேறென்ன இருக்கிறது என்று யோசித்தாள்.

“நான் மாத்திரய உடறேன். காலு நல்லாத்தான ஆயிடுச்சி? நாப்பது நாளு ஆண்டவருக்கு ஒப்புக் குடுத்துடறேன்.”

ஐந்தாம் நாள் வாந்தி. ஆறாம் நாள் கண் சொருகியது. விழுப்புரத்தில் ஓர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினாள் ஜெசிந்தா. பிரஷர் பாதாளத்தில் இருந்தது. என்ன மாத்திரை சாப்பிட்டார் என்று டாக்டர் கேட்டபோது, ஜெசிந்தாவே சொன்னாள்: “கந்தகம் மட்டுந்தான் சார்.”

அந்த ஒரு வாக்கியத்துக்காக அவள் இன்றுவரை தன்னை மன்னிக்கவில்லை.

மறுநாள் காலையில் பூமாலையின் வட்ட முகத்தை உற்றுப் பார்த்த வயதான டாக்டருக்குச் சந்தேகம் வந்தது. டப்பாவைக் கொண்டுவரச் சொன்னார். டப்பா வந்தபோது பூமாலை உயிரோடு இல்லை.

“கந்தகச் சத்துன்னு ஒண்ணு நிஜமாவே இருக்கும்மா” என்றார் அவர். “எம்.எஸ்.எம்.னு விப்பாங்க. வெள்ளையா, கசப்பா இருக்கும். மூட்டு வலிக்கு சில பேருக்குக் கொஞ்சம் கேக்கும், அதுவும் பல வாரம் கழிச்சு. மூணு நாள்ல யாரையும் ஓட வைக்காது. ஓட வச்சது ஸ்டீராய்டு. மாசக்கணக்குல சாப்பிட்டா, உடம்பு தனக்கு வேண்டியதைத் தானே சுரக்கிறதை நிறுத்திடும். அப்புறம் திடீர்னு விட்டா, ஆளைக் கொன்னுடும்.”

ஜெசிந்தா புகார் எழுதினாள். அதிகாரிகள் போனார்கள். சீனுவாசன் தன் சட்டைப் பையிலிருந்த டப்பாவையே எடுத்து நீட்டினார். சோதித்தார்கள். கந்தகச் சத்து தவிர அதில் வேறு எதுவும் இல்லை. பூமாலையின் டப்பாவைப் பற்றிக் கேட்டதற்கு அவர் கையெடுத்துக் கும்பிட்டார்: “என் பேருல டூப்ளிகேட் வந்துக்கினு கீது சார். மொதல்ல அத்தப் புடிங்க.”

கோப்பு மூடப்பட்டது.

அடுத்த அமாவாசைக்கு ஜெசிந்தா மேல்மலையனூருக்குப் போனாள். கூட்டத்தின் கடைசியில் நின்று கத்தினாள். “உன் மாத்திரயத் துன்னு எங்கம்மா செத்துட்டாங்கய்யா!”

சீனுவாசன் அசரவில்லை. குரல் வந்த பக்கம்கூடப் பார்க்கவில்லை. “நானும் அதத்தான் தங்கச்சி துன்றேன்” என்று மைக்கில் சொல்லி ஒன்றை எடுத்து விழுங்கினார். “எனக்கு இன்னா ஆச்சி? நான் செத்தா வந்து கேளு!”

கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்போடுதான் அவள் பஸ் ஏறினாள். விழுப்புரம் வந்து இறங்குவதற்குள் என்ன செய்வது என்று முடிவாகிவிட்டது.

பேக்கிங் நடந்தது கூட்டேரிப்பட்டு தாண்டி, மூடிக்கிடந்த ஒரு ரைஸ் மில்லில். வேலைக்கு ஆள் எடுத்தபோது சீனுவாசன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. “கை வேகமா?” என்றார். விரல்களைக் காட்டினாள். “நாளைக்கு வந்துடு.”

மூன்று பெண்கள். ஓட்டைகள் போட்ட தட்டில் காலி கேப்சூல்களைச் செருகி, பொடியைக் கொட்டித் தேய்த்து, மூடியை அழுத்த வேண்டும். பெரிய நீல டிரம்மிலிருந்த பொடி விற்பனைக்கு. அலமாரியில் ஒரு சின்ன ஜாடி தனியாக இருந்தது. ஜெசிந்தா அதைத் தொடப் போனபோது, கூட வேலை செய்த அம்மணி கையைத் தட்டிவிட்டாள்.

“ஏய், அத்தத் தொடாத. அது அய்யா டப்பாவுக்கு. அவுரு மேடயில துன்றாரே, அதுக்கு.”

“ஏன் அக்கா, ரெண்டும் கந்தகந்தான?”

“இன்னாத்தக் கண்ட நீ? டிரம்மு மருந்து அவுருக்கு ஆவாது. அவுருக்கு சுகர் கீதுல்ல? ஏறிக்கும். அவுரே சொன்னாரு, தப்பித்தவறிக்கூட மாத்திடாதன்னு.”

அப்படியானால் தெரிந்துதான் செய்கிறான்.

அதுவரை ஜெசிந்தாவின் மனதில் ஓர் ஓரத்தில், ஒருவேளை இந்த ஆளையும் யாராவது ஏமாற்றியிருப்பார்களோ என்ற சந்தேகம் ஒட்டிக்கொண்டிருந்தது. அம்மணியின் வெள்ளந்திப் பேச்சு அதைத் துடைத்துவிட்டது.

கொஞ்ச நாளில் வேகக்காரி என்று பெயர் வாங்கினாள். வேனிலும் அவளே நிற்க வேண்டும் என்றார்கள். அய்யா டப்பாவை நிரப்பும் பொறுப்பும் தானாக வந்து சேர்ந்தது. இரண்டு கேப்சூலுக்கும் ஒரே மஞ்சள் உறை, ஒரே அளவு. உள்ளே இருப்பது எது என்று வெளியிலிருந்து யாராலும் சொல்ல முடியாது. கூட்டத்தை ஏமாற்ற அவரே செய்து வைத்திருந்த ஏற்பாடு.

டிரம்முப் பொடி அய்யா டப்பாவுக்குள் போன பத்தாம் நாள், சீனுவாசன் வேனின் படியில் கம்பியைப் பிடிக்காமல் ஏறினார். டிரைவர் தேவநாதன்தான் முதலில் கவனித்தான். வேன் ஓட்டுவது, மைக் கட்டுவது, செல்போனில் லைவ் போடுவது மூன்றும் அவன் வேலை.

“அண்ணே! நீ இன்னாண்ணே கொமரன் மாதிரி ஏறுற? முட்டி வலி இன்னா ஆச்சி?”

“அதாண்டா எனக்கும் பிரியல.” சீனுவாசன் படியில் நின்றபடியே குனிந்து நிமிர்ந்து பார்த்தார். “இத்தினி வருசமா துன்னுக்கினு கீறேன், இப்பத்தான் புடிச்சிக்கிச்சி போல. சும்மா சொல்லலடா, கந்தகத்துல நெசமாவே இன்னாமோ கீது!”

அலமாரி ஜாடியின் மேல் அவருக்குப் பக்தி வந்துவிட்டது. மேடையில் ஒன்று என்பது போய், காலையில் இரண்டு, இரவில் இரண்டு என்று ஆனது. பிரியாணிப் பொட்டலம் மூன்று இறங்கியது. கன்னம் உப்பியது.

“அண்ணே, மூஞ்சி பன்னு மாதிரி ஆயிக்கினு வருது.”

“சதை புடிக்குதுடா. உன்ன மாதிரி காஞ்ச கருவாடா இருக்கச் சொல்றியா?”

“என் பொண்டாட்டி காந்திமதிக்கும் இப்பிடித்தாண்ணே ரவுண்டாயிடுச்சி. நீ குடுத்த டப்பாதான். ஆறு மாசமா துன்றா, இடுப்பு வலியே இல்லன்றா.”

சீனுவாசனின் சிரிப்பு ஒரு நொடி நின்று, மறுபடி கிளம்பியதை ஜெசிந்தா பார்த்தாள். “நல்லதுடா. உடாம குடு. நடுவுல மட்டும் நிறுத்தாத.”

அவளுக்கு உள்ளுக்குள் இனித்தது. தன் பொய்யைத் தானே நம்பி விழுங்கும் அந்த வாயைப் பார்க்கப் பார்க்கத் தெவிட்டவில்லை. சாகட்டும் என்று நினைத்த நாட்களும் உண்டு. ஒளிப்பானேன்.

ஆனால் அவள் எதிர்பாராத ஒன்று நடந்தது. விற்பனை ஏறியது. முன்பு நடித்தவர் இப்போது உண்மையாகவே பேசினார். மேடையில் முட்டியைத் தட்டிக் காட்டியபோது அவருடைய கண் கலங்கியது. “என்ன நானே கொணமாக்கிக்கினேன் தாய்மாருங்களே!” வானூரில் கட்டட வேலை செய்யும் பெண்கள் முண்டியடித்து வாங்கினார்கள். அவர்களில் ஒருத்தி பூமாலையைப் போலவே முழங்காலைப் பிடித்தபடி வந்தாள். டப்பாவை அவள் கையில் கொடுத்தது ஜெசிந்தாதான்.

அன்று வீட்டில் அவளால் சோற்றில் கை வைக்க முடியவில்லை.

டிரம்மில் நல்ல பொடியைக் கொட்டிவிடலாமா? முடியாது. சாப்பிட்டுக்கொண்டிருக்கும் அத்தனை பேரும் ஒரேயடியாக நிறுத்தியதுபோல் ஆகிவிடும். அம்மாவுக்கு நடந்தது ஊர் ஊராக நடக்கும். ஒரு கேப்சூலைத் திருடிக்கொண்டுபோய் அதிகாரியிடம் கொடுத்தால்? டூப்ளிகேட் என்பார். தப்பிக்கும் வழிகளையெல்லாம் அவர் முன்கூட்டியே போட்டு வைத்திருந்தார். ஒரே ஒரு கதவுதான் மிச்சம். அவருடைய வாய்.

நாற்பத்தைந்தாம் நாள், அய்யா டப்பாவை அலமாரி ஜாடியிலிருந்தே நிரப்பினாள். சுத்தமான கந்தகச் சத்து. சட்டப்படி, தர்மப்படி, டப்பாவில் எழுதியிருந்தபடி.

மூன்றாம் நாள் அவருக்கு உடம்பு முறுக்கியது. வெயில் என்றார், மேலும் இரண்டு விழுங்கினார். நான்காம் நாள் வாந்தி எடுத்தார். ஐந்தாம் நாள், திண்டிவனத்தில், பட்டப்பகலில், “தாய்மாருங்களே” என்று ஆரம்பித்தவர் மைக்கோடு மடங்கி விழுந்தார்.

“விழுப்புரம் போ” என்றாள் ஜெசிந்தா. “நல்ல ஆஸ்பத்திரி எனக்குத் தெரியும்.”

தேவநாதன் ஹாரனிலிருந்து கையை எடுக்காமல் ஓட்டினான். “பேஜாராப் போச்சே, பேஜாராப் போச்சே” என்று வழி முழுக்கப் புலம்பினான்.

அவசரப் பிரிவில் டாக்டர் கலைப்பிரியா சின்ன வயதுக்காரி, வேகமானவள். பிரஷர் பார்த்தாள், முகம் மாறியது. ஒரு கையில் சலைன் ஏற்றச் சொல்லிவிட்டுக் குனிந்தாள்.

“என்னென்ன மாத்திரை சாப்பிடுறீங்க?”

“சுகருக்கு ஒண்ணு...” சீனுவாசனின் உதடுகள் வெளுத்திருந்தன. “அப்பறம் கந்தகம். சுத்தமான கந்தகம் மேடம்.”

“வேற? ஸ்டீராய்டு ஏதாவது?”

“சேச்சே! கந்தகம் மட்டுந்தான்.”

“கந்தகத்துக்கு பிரஷர் இப்படி விழாதே” என்று முணுமுணுத்தபடி, ரத்தப் பரிசோதனைக்கு அவசரப்படுத்த டாக்டர் வெளியே போனாள்.

ஜெசிந்தா கட்டிலுக்கு அருகில் வந்தாள். வாய் திறக்காமல் இப்படியே நின்றால் போதும். அம்மாவுக்கு நடந்ததெல்லாம் வரிசையாக இந்த ஆளுக்கும் நடக்கும். கால்கள் ஒரு நிமிடம் அப்படியே நின்றன. பிறகு தோன்றியது: செத்தால் இவன் தியாகி ஆகிவிடுவான். படம் போட்டு, மாலை போட்டு, அதே டப்பாவை அதே வேனில் இன்னொருத்தன் விற்பான். அவ்வளவு சுலபமாக இவனை விடக்கூடாது.

“அய்யா, நீங்க துன்னது கந்தகம் இல்ல.” குரல் நடுங்காமல் வந்தது. “உங்க டப்பாவுல டிரம்மு மருந்தப் போட்டேன். நாப்பத்தஞ்சி நாளு. அஞ்சி நாளு முன்னாடி நிறுத்திட்டேன்.”

சீனுவாசனின் கண்கள் முதல்முறையாக அவள் முகத்தில் நிலைத்தன. முட்டி வலி போனது, பசி, கன்னம், எல்லாம் ஒவ்வொன்றாக அந்தக் கண்களுக்குள் கணக்கு நேராவதை அவள் நிதானமாகப் பார்த்தாள்.

“நீ... நீ யாருடி?”

“பூமாலை பொண்ணு.”

“யாரு பூமாலை?”

அவளுக்கு அறையலாம்போல் இருந்தது. அடக்கிக்கொண்டாள். “உங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். டாக்டரு திரும்பி வருவாங்க. டிரம்முல இன்னா கலந்தீங்கன்னு உங்க வாயால சொல்லுங்க. ஊசி போடுவாங்க, பொழச்சிக்குவீங்க.”

“நீயே... நீயே சொல்லித் தொலயேன்!”

“நான் சொன்னா டூப்ளிகேட்டுன்னு சொல்வீங்களே.”

“இன்னாது?” தேவநாதன் கட்டிலின் அந்தப் பக்கம் நின்றிருந்தான். அவன் வாய் பிளந்திருந்தது. “டிரம்முல இன்னாண்ணே கீது? காந்திமதி துன்றாளே, அதுல இன்னா கீது?”

“டேய், இவ பேச்சக் கேட்டுக்கினு...”

“நடுவுல நிறுத்தாதன்னு நீ சொன்னியே! அது இன்னாத்துக்கு சொன்ன?”

தேவநாதன் செல்போனை எடுத்தான். எத்தனையோ மேடைகளில் செய்ததுபோலவே லைவை அழுத்தி, அவர் முகத்துக்கு நேராகப் பிடித்தான். “சொல்லுண்ணே. பொழைக்கணும்னா சொல்லு.”

“மூணு மாசம் டைம் குடு தங்கச்சி. எல்லாத்தயும் மூடிடறேன். எங்கயாச்சும் போயிடறேன்...”

“உங்களுக்கு மூணு மணி நேரம் கீதான்னு டாக்டரக் கேளுங்க.”

டாக்டர் கலைப்பிரியா திரும்பி வந்தாள். செல்போனைப் பார்த்ததும் புருவம் நெரிந்தது. “இங்க போனெல்லாம்...” என்று ஆரம்பித்தவள் கட்டிலிலிருந்து வந்த குரலைக் கேட்டு நிறுத்தினாள்.

“ஸ்டீராய்டு மேடம்.” கண்ணை மூடிக்கொண்டு சொன்னார் சீனுவாசன். “நான் துன்னது ஸ்டீராய்டு.”

“சத்தமா” என்றாள் ஜெசிந்தா. “மேடயில பேசுற மாதிரி.”

“கந்தகத் தோழன்ல ஸ்டீராய்டு கீது! நாந்தான் கலந்தேன்! டூப்ளிகேட்டு இல்ல, எல்லாமே என் சரக்குதான்!”

“துன்றவங்க இன்னா பண்ணணும்?”

“திடீர்னு... திடீர்னு நிறுத்தக்கூடாது. டாக்டராண்ட போவணும். டப்பாவக் காட்டணும். அவுங்க கொஞ்சங் கொஞ்சமா...” மேற்கொண்டு பேச மூச்சு இல்லை.

டாக்டர் எல்லாரையும் தள்ளிவிட்டு ஊசியை ஏற்றினாள். நர்ஸ் சுகருக்கு விரலைக் குத்தினாள். அடுத்த கட்டிலில் கால் கட்டோடு படுத்திருந்த ஒரு கிழவர், “த்தூ” என்றார். அவருடைய பையிலும் ஒரு மஞ்சள் டப்பா இருந்தது.

காந்திமதியைக் கூட்டிவர தேவநாதன் வேனை எடுத்துக்கொண்டு பறந்தான்.

ஒரு மணி நேரத்தில் பிரஷர் ஏறத் தொடங்கியது. சீனுவாசனின் கண்ணில் பழைய கூர்மை கொஞ்சம் திரும்பியது. “போலீசு வரும்” என்றார் மெதுவாக. “உன்னயும் சொல்லுவேன். என்னக் கொல்லப் பாத்தன்னு சொல்லுவேன். உள்ள தள்ளுவேன்.”

“சொல்லுங்க. உடாம சொல்லுங்க. நானும் அதயேதான் சொல்லப் போறேன்.” ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள் ஜெசிந்தா. “என் கையாலயும் நெறய பேருக்கு டப்பா குடுத்துக்கீறேன். எனக்கும் பதில் சொல்ல வேண்டியது கீது.”

தலையணைப் பக்கத்தில் அவருடைய போன் அடித்தது. ஒவ்வொரு டப்பாவிலும் அச்சடித்திருந்த எண் அது. அவர் அதைத் திருப்பிப் போடக் கை நீட்டினார். ஜெசிந்தா முந்திக்கொண்டு எடுத்தாள், ஸ்பீக்கரில் போட்டாள்.

“அய்யா! வைத்தியரய்யாங்களா?” ஒரு பெண். மூச்சு வாங்கியது. “நான் வானூருங்க. லைவு பாத்தேன். கால் நல்லாயிடுச்சேன்னு நான் மாத்திர உட்டு நாலு நாளாவுதுங்க. காலயிலேருந்து ஒரே வாந்தி. இன்னாங்க பண்றது? படுத்துட்டா சரியாயிடுமா?”

சீனுவாசன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினார்.

ஜெசிந்தா எழுந்து கட்டிலைச் சுற்றிப் போனாள். போனை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

“பேசுங்க” என்றாள்.

போனில் அந்தப் பெண் ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. “அய்யா? அய்யா, லைன்ல கீறீங்களா?”

“எங்கம்மாவுக்கு எடுத்துச் சொல்ல இந்தப் பக்கம் யாரும் இல்லய்யா” என்றாள் ஜெசிந்தா. “பேசுங்க.”

சீனுவாசன் தலையைக் கொஞ்சம் தூக்கினார்.

“படுக்காதம்மா” என்றார். “ஒடனே கெளம்பு. ஜல்தி. பாண்டி கிட்டக்க, பாண்டிக்குப் போ. டப்பாவ எடுத்துக்க. ஸ்டீராய்டு துன்னேன், நாலு நாளா நிறுத்திட்டேன்னு சொல்லு. சொல்லுவியா? ஸ்டீராய்டு. எங்க, திருப்பிச் சொல்லு.”

“ஸ்டீ... ஸ்டீராய்டுங்க.”

“ஆங். கந்தகம்னு சொல்லிடாத.”

இணைப்பு அறுந்த அதே நொடியில் அடுத்த அழைப்பு வந்தது. அதற்குப் பின்னால் இன்னும் மூன்று காத்திருந்தன. சீனுவாசன் களைத்துப்போய், கொஞ்சம் தண்ணீர் வேண்டும் என்று சைகை காட்டினார்.

ஜெசிந்தா தண்ணீர் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும் வரை காத்திருந்தாள். பிறகு பச்சைப் பொத்தானை அழுத்தி, போனை மறுபடியும் அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.